தளராமையும் விலகலும்: விளையாட்டறம் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுத் துறையிலே விடாமுயற்சி போற்றப்படும் அளவுக்கு வேறொரு பண்பு போற்றப்படுவதில்லை. பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி முதல் ஒலிம்பிக் விழா வரை, விழுந்தெழுந்து ஓடி முடித்தவர் வீரராகவும், இடைவழியில் நின்றவர் மனவலி குன்றியவராகவும் கணிக்கப்படுகின்றனர். பரிசளிப்பு விழாக்களிலே தலைமை தாங்குவோர் ஆண்டுதோறும் எடுத்துரைக்கும் அறிவுரையும் இதுவே. பலகாலும் கேட்டுப் பழகியமையால், இக்கருத்து ஆராயப்படாமலே ஓர் ஒழுக்க விதியின் நிலையை எய்திவிட்டது. ஆயின், தொடர்ந்து செல்லுதல் தன்னளவிலே அறமாகுமா? விலகி நிற்றல் தன்னளவிலே குறையாகுமா? தோல்வியும் காயமும் சூழ்ந்த வேளையில் ஊக்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய ஒருவர், எந்த எல்லையிலே நிறுத்தவேண்டும் என்பதை எவ்வாறு அறிவார்? இவ்வினாக்கள் மைதானத்துக்கு மட்டும் உரியனவல்ல. எனினும், மைதானத்திலே அவை மிகத் தெளிவாகத் தோன்றுகின்றன. ஏனெனில் அங்கு தூரம் அளக்கப்பட்டிருக்கின்றது, நேரம் குறிக்கப்படுகின்றது, தொடர்வதா நிற்பதா என்ற முடிவு பல்லாயிரவர் கண்முன்னே எடுக்கப்படுகின்றது.

1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மெக்சிக்கோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மரதன் ஓட்டம் இவ்வாராய்ச்சிக்குத் தகுந்த தொடக்கமாகும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்நகரில், மூச்சுக்காற்று மெலிந்த சூழலில், 75 பேர் ஓடத் தொடங்கினர். 57 பேரே ஓடி முடித்தனர். அவர்களுள் இறுதியாக வந்தவர் தன்சானியா நாட்டைச் சேர்ந்த ஜோன் ஸ்டீபன் அக்வாரி. ஓட்டத்தினிடையே விழுந்து முழங்காலிற் கடுங்காயமுற்ற அவர், கட்டுப்போட்ட காலுடன் நொண்டியும் நடந்தும், எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே வென்று ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின்னரே அரங்கினுள் நுழைந்தார். பார்வையாளர் பெரும்பாலோர் கலைந்துவிட்டனர். எஞ்சியிருந்தோர் எழுந்து ஆரவாரித்தனர். விளையாட்டு வரலாற்றிலே விடாமுயற்சிக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் இதுவே.

அதே ஓட்டத்திலே நிகழ்ந்த பிறிதொன்றை இவ்வாறு நினைவுகூர்வோர் சிலரே. 1960இல் ரோம் நகரில் வெறுங்காலுடன் ஓடியும், 1964இல் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்து ஏறத்தாழ ஆறு வாரங்களிலே டோக்கியோவில் ஓடியும், இருமுறை தங்கப் பதக்கம் வென்ற எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலாவும் அன்று ஓடினார். முன்னரே காலில் ஊறுபட்டிருந்த அவர், பாதித் தூரத்தை எட்டுமுன் நின்றுவிட்டார். ஒரே நாள், ஒரே பாதை; ஒருவர் காயத்துடன் ஓடி முடித்தார், மற்றவர் காயத்தினால் விலகினார். பிக்கிலாவை மனவலி குன்றியவர் எனக் கூறுவார் உளரா? 1969இல் மோட்டார் விபத்தொன்றினால் நடக்கும் ஆற்றலை இழந்த பின்னரும், இங்கிலாந்தில் நடைபெற்ற சக்கர நாற்காலி வீரர்களுக்கான போட்டிகளிலே வில்லேந்தி நின்றவர் அவர். எனவே, அக்வாரியைப் போற்றும் அளவுகோலைக் கொண்டே பிக்கிலாவைத் தாழ்த்துவோமாயின், அந்த அளவுகோலிலேயே குறையுண்டு என்பது வெளிப்படை. இருவரையும் ஒருங்கே மதிக்க இடந்தரும் ஓர் அறக்கொள்கையே தேவைப்படுகின்றது.

இத்தகைய கொள்கையைத் தேடிய முயற்சி மிகப் பழமையானது. பிளேட்டோவின் 'லாக்கீஸ்' என்னும் உரையாடலிலே வீரம் என்பது யாது என்ற வினா எழுப்பப்படுகின்றது. தளபதியாகிய லாக்கீஸ் முதலில், நின்ற இடத்தை விட்டகலாது பகைவனை எதிர்ப்பதே வீரம் என்கிறார். பின்வாங்கிச் சென்றே போரிடும் மக்களும் உளர் என்பதையும், பிளாட்டியாப் போரிலே ஸ்பார்த்தர் பின்னிட்டுச் சென்று மீளத் திரும்பி வென்றதையும் சோக்கிரதர் சுட்டிக்காட்டுகின்றார். அதன்பின் லாக்கீஸ், உள்ளத்தின் தளராமையே வீரம் என வரையறுக்கின்றார். அறிவோடு கூடாத தளராமை தீங்கு விளைப்பதன்றோ, தீங்கு விளைப்பதை நற்பண்பு எனல் எங்ஙனம் என்று சோக்கிரதர் வினவுகின்றார். உரையாடல் இறுதி விடையின்றியே முடிகின்றது. ஆயினும் ஒன்று நிலைநாட்டப்பட்டுவிடுகின்றது: தளராமை என்பது ஓர் ஆற்றல் மட்டுமே, அது நன்மையாவதும் தீமையாவதும் அதனை நடத்தும் அறிவைப் பொறுத்தது. அச்சத்துக்கும் கண்மூடித் துணிவுக்கும் இடைப்பட்டதே வீரம் என அரிஸ்டோட்டில் பின்னர் வகுத்ததும் இவ்வழிப்பட்டதே.

தமிழ் மரபிலும் இவ்விரு பக்கங்களும் பிரிக்கப்படவில்லை. திருக்குறளின் பொருட்பாலிலே ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய அதிகாரங்கள் உள்ளன. விழா மேடைகளிலே பெரிதும் எடுத்தாளப்படுவன இவையே. ஆனால் அதே அரசியற் பகுதியிலேயே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அவற்றுக்கு முன்னரே வைக்கப்பட்டுள்ளன. தன் வலிமையின் அளவையும், செயலுக்குரிய காலத்தையும் இடத்தையும் அறிந்த பின்னரே முயற்சி பேசப்படுகின்றது. முயற்சியை மட்டும் பிரித்தெடுத்து உபதேசிப்போர் நூலின் ஒரு பாதியையே கற்பிக்கின்றனர் எனலாம்.

அறிவற்ற தளராமை எத்தகையது என்பதற்குப் பிரித்தானிய மரதன் வீரர் ஜிம் பீற்றர்ஸின் வரலாறு சான்றாகும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே அவர் இடைவழியில் விலகினார். அவ்விலகலின் பின்னர்தான் அவருடைய மிகச் சிறந்த ஓட்டங்கள் நிகழ்ந்தன. 1953இல் மரதன் தூரத்தை 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடிய முதல் வீரரானார். 1954இல் வான்கூவர் நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில், கடும் வெயிலில், அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடங்கள் முந்திக்கொண்டு அரங்கினுள் நுழைந்தார். நீரிழப்பினால் நிலைகுலைந்த அவர் மீண்டும் மீண்டும் விழுந்தார், எழுந்தார், சில நூறு யார் தூரத்தைக் கடக்கப் பல நிமிடங்கள் போராடினார். எல்லைக்கோட்டைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதன் பின்னர் அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. விலகிய ஓட்டம் அவருக்கு வளமான ஈராண்டுகளைத் திறந்துவிட்டது. விலக மறுத்த ஓட்டமோ அவருடைய ஓட்ட வாழ்வையே முடித்துவைத்தது. அன்றைய நிலையில் அவரால் முடிவெடுக்க இயலவில்லை என்பதே உண்மை. முடிவெடுக்கும் அறிவே மயங்கிய உடலுக்குக் காவலாக வேறொருவர் நின்றிருக்க வேண்டும்.

இங்கு முதலாவது வேறுபாடு ஒன்றை வகுத்தல் அவசியமாகின்றது. துன்பம் வேறு, ஊறு வேறு. எந்தப் பயிற்சியும் துன்பமின்றி நிகழ்வதில்லை. மூச்சு முட்டுவதும், தசை நோவதும், தொடர்ந்து தோற்பதும், தன்னிலும் இளையவர் முந்திச் செல்வதைக் காண்பதும் துன்பங்களே. அவை கடக்கப்படுவதற்கென்றே உள்ளவை. அவற்றைக் கண்டு விலகுவோர் தாம் பெறக்கூடிய வளர்ச்சியை இழக்கின்றனர். ஊறு என்பதோ செயலின் கருவியையே அழிப்பது. எலும்பு முறிந்த காலும் அதிர்ச்சியுற்ற மூளையும் மனவுறுதியினாற் சீராவதில்லை. துன்பத்தை ஊறு என மயங்குவது சோம்பலுக்கு வழியாகும். ஊறினைத் துன்பம் என மயங்குவது அழிவுக்கு வழியாகும். பயிற்றுநரின் கல்வியில் மிகப் பெரும் பகுதி இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் கல்வியே எனின் மிகையாகாது.

கண்ணுக்குப் புலனாகாத ஊறும் உண்டென்பதை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உலகுக்கு உணர்த்தியது. 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கிலே, அமெரிக்க உடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழுப் போட்டியின் நடுவே விலகினார். அந்தரத்திலே சுழலும்போது தம் உடல் எந்நிலையில் இருக்கின்றது என்னும் உணர்வை அவர் இழந்திருந்தார். அந்நிலையிற் பாய்ந்து தலைகீழாய் இறங்குவது கழுத்தெலும்பை முறிக்கவும் கூடும். கால் முறிந்திருந்தால் இரங்கியிருக்கக்கூடியவர்கள், காயம் கண்ணுக்குத் தெரியாமையால் அவரைக் கோழை எனப் பழித்தனர். அவர் அதே விழாவின் இறுதியில் மீண்டு வந்து சமநிலைச் சட்டப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2024இற் பாரிஸ் நகரிலே மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அவர் மீண்டும் வென்றமையால் விலகல் சரியாயிற்று என்று வாதிப்பதும் தவறாகும். ஒருபோதும் மீண்டு வராதிருப்பினும் அன்றைய முடிவு சரியானதே. முடிவின் தகுதி அது எடுக்கப்பட்ட வேளையில் அறியப்பட்டிருந்தவற்றைப் பொறுத்ததேயன்றி, பின்னர் கிடைத்த பதக்கங்களைப் பொறுத்ததன்று.

இனி, ஊறு ஏதுமின்றித் தோல்வி மட்டுமே தொடரும்போது ஊக்கம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். உளவியலாளர் எட்வேட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு பயன்படும். புதிர்க் கட்டைகளைப் பொருத்தி விளையாடிய மாணவருள் ஒரு சாராருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. பணம் நின்ற பின், அவர்கள் ஓய்வு நேரத்தில் அப்புதிரிலே முன்னர் காட்டிய ஆர்வம் குறைந்தது. செயலின்பால் இயல்பாக எழும் விருப்பத்தைப் புறத்தேயிருந்து வரும் வெகுமதி பெயர்த்துவிடக்கூடும் என்பதே அதன் சாரம். பதக்கத்துக்காகவும் புகழுக்காகவும் மட்டும் ஓடுபவர் தோற்குந்தோறும் ஓடுவதற்கான காரணத்தையே இழக்கின்றார். ஓட்டத்தினுள்ளேயே ஒரு நன்மையைக் கண்டவருக்குத் தோல்வி கசப்பானதாயினும் காரணத்தை அழிப்பதில்லை. பயன் கருதாது செயலாற்றுக எனக் கீதை கூறுவதை உலகியல் நோக்கில் விளக்கின், அதன் ஒரு பொருள் இதுவாகலாம்.

இலங்கை வீரர் ஆர். ஜே. கே. கருணானந்தாவின் ஓட்டம் இவ்வுண்மைக்கு இலக்கணமாகும். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்திலே, அமெரிக்கரான பில்லி மில்ஸ் வென்று, ஏனையோரும் ஓடி முடித்த பின்னர், 67ஆம் இலக்கத்தை அணிந்திருந்த அவர் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருந்தார். எள்ளலுடன் நோக்கத் தொடங்கிய பார்வையாளர் அடுத்தடுத்த சுற்றுகளிலே மௌனமாகி, இறுதியில் எழுந்து ஆரவாரித்தனர். இந்நிகழ்ச்சி யப்பானியப் பாடசாலைப் பாடநூலிலே இடம்பெற்றது. அவர் எதனை வென்றார்? எவரையும் வெல்லவில்லை. பதக்கம் எட்டாதது என்பது அவருக்குத் தெரியும். ஆயின் அவருடைய உடல் ஊறுபடவில்லை; பிறர் எவருக்கும் இடையூறு நேரவில்லை; எடுத்த செயலை நிறைவு செய்தல் என்னும் நோக்கம் இறுதிச் சுற்று வரை உயிரோடிருந்தது. வெல்லும் நோக்கம் அழிந்தபின்னும் எஞ்சி நின்ற நோக்கம் உண்மையானதாக இருந்தமையால் அவ்வோட்டம் பொருளுடையதாயிற்று. அக்வாரியின் ஓட்டமும் இவ்வகையதே. அவர் ஓட்டத்தோடு தம்மை அழித்துக்கொள்ளவுமில்லை: 1970இல் எடின்பரோவிலே நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவின் மரதன் ஓட்டத்தில் ஐந்தாமிடம் பெற்றார்.

ஆயினும் அவ்வாரவாரத்தைச் செய்த கூட்டத்தின் பங்கு ஐயத்துக்குரியது. பார்வையாளர் காயத்தின் வேதனையை அனுபவிப்பதில்லை. அதன் அழகை மட்டுமே காண்கின்றனர். தள்ளாடி வரும் வீரரைக் கண்டு கண்ணீர் மல்கக் கரகோஷம் செய்வது எளிது. அடுத்த நாள் மருத்துவமனைக் கட்டிலருகே அக்கூட்டம் இருப்பதில்லை. ஆகவே, பிறருடைய தளராமையைப் போற்றும்போது அதற்கான விலையைச் செலுத்துவோர் யார் என்ற வினா எழுப்பப்படல் வேண்டும். விலகுவோரை இகழாத பார்வையாளர் சமூகமே, தொடர்வோரை உண்மையாக மதிக்கும் தகுதியுடையது.

இம்முடிவினை யார் எடுப்பது, எப்பொழுது எடுப்பது என்பன அடுத்த வினாக்கள். 1975 ஒக்டோபர் முதலாந் திகதி மணிலா நகருக்கு அண்மையில் முகம்மது அலிக்கும் ஜோ பிரேசியருக்கும் நிகழ்ந்த குத்துச்சண்டையிலே, 14 சுற்றுகள் முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கிப் பார்வை மறைந்திருந்தது. எஞ்சியது ஒரு சுற்று மட்டுமே. அவர் தொடரவே விரும்பினார். பயிற்றுநர் எடி பட்ச் அவரை எழவிடவில்லை. உலகப் பட்டம் கைநழுவியது, மனிதர் காக்கப்பட்டார். தன்னாட்சியை மதிக்கும் ஒழுக்கவியல் இங்கு ஒரு தடையை எதிர்கொள்கின்றது. வளர்ந்த ஒருவருடைய விருப்பத்தை மற்றொருவர் மீறலாமா? சண்டையின் வெறியும் களைப்பும் தலையடியும் விருப்பத்தையே திரித்துவிடும் துறைகளில், நிறுத்தும் அதிகாரத்தை முன்கூட்டியே நம்பத்தகுந்த ஒருவரிடம் ஒப்படைத்தல் தன்னாட்சியை இழப்பதன்று, அதனைக் காப்பதாகும். தலையில் அடிபட்ட துடுப்பாட்ட வீரருக்குப் பதிலாக மற்றொருவரை ஆடவிடும் விதியைச் சர்வதேசக் கிரிக்கெட் சபை 2019இல் ஏற்றுக்கொண்டதும் இந்த அடிப்படையிலேயே. அவ்விதியின் பின் விலகல் வீரரின் மனவுறுதியைச் சோதிக்கும் வினாவாக இருப்பதில்லை, மருத்துவத் தீர்ப்பாகின்றது.

ஒரு போட்டியிலிருந்து விலகுவதைக் காட்டிலும் ஒரு துறையிலிருந்து விலகுவது கடினம். மணிலாவிலே வென்ற அலியே இதற்கு உதாரணமாவது வருந்தத்தக்கது. 38 வயதில், 1980இல், லறி ஹோம்ஸுடன் மோதி, பத்தாஞ் சுற்றின் முடிவிலே தம் பயிற்றுநரால் நிறுத்தப்பட்டார். அதன் பின்னரும் 1981இல் இன்னொரு முறை மோதித் தோற்றார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. நோயின் காரணம் பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, அவ்விறுதி மோதல்கள் அவருடைய புகழுக்கு எதையும் சேர்க்கவில்லை என்பதில் ஐயமில்லை. இவ்வாறு தொடர்வோரின் மனத்திலே பெரும்பாலும் ஒரு கணக்கு இயங்குகின்றது: இத்தனை ஆண்டுகள் உழைத்தேன், இப்பொழுது விட்டால் அனைத்தும் வீணாகும் என்பதே அது. செலவிட்ட ஆண்டுகள் தொடர்ந்தாலும் மீளா, விலகினாலும் மீளா என்பதைப் பொருளியலாளர் நன்கறிவர். கேட்கத்தக்க வினா, இதுவரை எவ்வளவு கொடுத்தேன் என்பதன்று. இனிக் கொடுக்கப்போவது எதற்காக என்பதே.

ஆயினும் விலகும் உரிமை எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. செல்வம் படைத்தவர் விளையாட்டை விட்டு வேறு தொழிலை நாடலாம். வறிய குடும்பத்திலிருந்து வந்தவருக்கு மைதானமே வேலைவாய்ப்புக்கும் உயர்கல்விக்கும் உரிய வாயிலாக அமைந்துவிடுகின்றது. காயத்தை மறைத்து ஓடுபவர் பதக்க ஆசையால் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. விலகினால் வீட்டின் அடுப்பு என்னாகும் என்ற அச்சத்தாலும் செய்கின்றார். அத்தகையவரிடம் நிதானம் பற்றி உபதேசிப்பது போதாது. காயமுற்ற வீரருக்குச் சிகிச்சையும், விலகிய வீரருக்குக் கல்வியும் தொழிலும் உறுதி செய்யப்படாத சமூகத்தில், தளராமை பற்றிய புகழுரை சுரண்டலின் மொழியாக மாறும் அபாயமுண்டு. ஆகையால் எப்பொழுது விலகுவது என்பது தனிமனித ஒழுக்கப் பிரச்சினை மட்டுமன்று. சமூக நீதிப் பிரச்சினையுமாகும்.

விலகலுக்கு இவ்வாறு இடங்கொடுப்பது சோம்பேறிகளுக்குச் சாக்காகும் என ஆட்சேபிப்பாரும் உளர். இவ்வாட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. முதல் தோல்வியிலேயே தன் வலியை அறிந்துகொண்டதாகக் கூறிக்கொள்பவர் உண்மையில் எதையும் அறியவில்லை. வலியறிதல் முயன்றபின் வரும் அறிவாகும். எனவே, தோற்ற மாலையின் மனச்சோர்விலே விலகலை முடிவு செய்யலாகாது. வெற்றியின் வெறியிலே தொடர்தலையும் முடிவு செய்யலாகாது. பயிற்சி தொடங்குமுன்னரே காலமும் எல்லையும் குறிக்கப்பட்டு, அக்காலம் நிறைவுறும்போது அமைதியான வேளையிலே நம்பிக்கைக்குரியவரோடு கூடி முடிவு எடுக்கப்படல் வேண்டும். பிறர் பார்வையிலிருந்து முற்றாக மறைந்தாலும் இதனைத் தொடர்வேனா என்று தன்னையே வினவும் ஒருவருக்கு விடை பெரும்பாலும் தெளிவாகிவிடும். தொடர்வேன் என்னும் விடை வருமாயின், எத்தனை தோல்வி வரினும் ஊக்கத்துக்கு ஊற்றுண்டு. பிறர் நகைப்புக்கு அஞ்சியே தொடர்கின்றேன் என்னும் விடை வருமாயின், தளராமை போலத் தோன்றுவது உண்மையில் அச்சமே.

சுருங்கக் கூறின், மனிதர் தம் உண்மையைச் செயலின்மீது வைப்பதா, செயலின் நோக்கத்தின்மீது வைப்பதா என்பதே இங்கு அடிப்படைப் பிரச்சினையாகும். நோக்கம் உயிரோடிருக்கும்வரை தோல்வி காரணமாக விலகுதல் குறையே. நோக்கத்தையே அழிக்கும் நிலையிலும் தொடர்தல் அதனினும் பெரிய குறை. கடைசி இடத்துக்காக ஓடிய கருணானந்தாவும், முதலிடத்தைப் பலமுறை கண்டபின் பாதியில் நின்ற பிக்கிலாவும் தத்தம் நோக்கத்துக்கு உண்மையாக இருந்தனர். ஒருவர் நிற்கவேண்டிய காரணம் இன்மையால் நிற்கவில்லை. மற்றவர் நிற்கவேண்டிய காரணம் இருந்தமையால் நின்றார். எல்லைக்கோட்டை எட்டக் கற்பிக்கும் விளையாட்டுக் கல்வி, அதனை எட்டாமலே திரும்பி வரும் ஒருவர் தலைநிமிர்ந்து நடக்கவும் கற்பிக்குமாயின், அதுவே நிறைவான கல்வியாகும்.